நடந்தே வாழ்ந்த மகான்

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழி தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. அந்த ஆறு எது என்று கேட்டால் விருத்தாசலத்தார் மார்தட்டி விடை சொல்லலாம். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராண வரலாறு. அவருக்குத் தெய்வத்தின் துணை இருந்தது. போட்ட பொன் கிடைத்தது. நாமோ மாலைப்பொழுதின் இன்பத்தை ஆற்று மணலிலும் ஊர்ப் பொட்டலிலும் போட்டுவிட்டு, அதைக் கடைவீதியின் கண்ணாடி அலமாரிகளிலே தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கிற வழியைக் காணோம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஒரு பீங்கான் சாமான் களிமண்ணாகப் பிசையப்பட்டு, அச்சில் உருப்பெற்று, உலர்ந்து, மெருகு பூசப்பெற்று, சூளையில் வெந்து வெளிவருவதற்கு எத்தனை கைகளின் உழைப்பு வேண்டும் என்பதை இவ்வூர்க் குழந்தைகளும் அறியும். அப்படி அறிந்த ஊரிலேயே, கைபேசியை விரலால் தொட்ட மறுநாள் வாசலில் வந்து விழும் சாமான்களை வாங்கி, ஒரு வாரம் பார்த்து மகிழ்ந்து, பிறகு மூலையில் எறியும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இது இவ்வூருக்கு மட்டும் உரிய குற்றமன்று, தேசத்துக்கே பொதுவானது. இதனோடு கூடப் பிறந்ததுபோல் மற்றொரு கேடும் வளர்ந்து வருகிறது. தெருவில் ஒரு வாகனம் மற்றொன்றை உராய்ந்தால், அடிபட்டதா என்ற விசாரணைக்கு முன்னே வசைமொழி புறப்படுகிறது. பெரியவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவதும், அயலாரிடம் இன்சொல் பேசுவதும் பழங்கதைகளாகி வருகின்றன. இவ்விரண்டு வியாதிகளுக்கும் மூலம் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். வாங்குவோராகவும் விற்போராகவும் மட்டுமே ஒருவரையொருவர் சந்திக்கும் ஜனங்களுக்குள் மரியாதை எவ்வாறு தழைக்கும்? காசு கொடாமல், போட்டியின்றி, ஆகாயத்தின் கீழே மனிதர் கூடும் இடங்கள் குறையக் குறைய, நாகரிகமும் குறைந்துகொண்டே போகிறது.

இதற்குப் பரிகாரம் தேடும்போது நமது நினைவுக்கு வருபவர் காந்தியடிகள். அவருடைய அரசியலைப் பற்றி எழுதப்பட்டவை மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவருடைய கால்களைப் பற்றி எழுதியவர் குறைவு. ஆகவே அவர் சரித்திரத்தை இன்று அந்த வழியிலே ஒருமுறை நடந்து பார்ப்போம்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், விளையாட்டில் விருப்பமுள்ள சிறுவரே அல்லர். ராஜகோட்டையில் அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் கீமி என்ற பார்ஸி கனவான், மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தேகப்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கு அது வேப்பங்காயாக இருந்தது. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்ற ஆவல் மற்றொரு காரணம். ஒரு சனிக்கிழமை மாலை, கையில் கடிகாரம் இல்லாத அவரை மேகமூட்டம் ஏமாற்றிவிட்டது. அவர் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னார்; தலைமையாசிரியர் நம்பவில்லை; பொய் சொன்னதாக ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். உண்மை பேசுகிறவன் ஜாக்கிரதை உள்ளவனாகவும் இருக்கவேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றதாகப் பிற்காலத்தில் தம் சரிதையில் அவர் எழுதினார். தேகப்பயிற்சிக்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை என்று தாம் நினைத்தது பிழை என்பதையும் அதே இடத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் திறந்தவெளியில் நெடுந்தூரம் நடப்பதன் நன்மையை ஏதோ புத்தகத்தில் படித்து, அந்தப் பழக்கத்தை மட்டும் இளமையிலேயே பற்றிக்கொண்டார். அது கடைசி வரை அவரை விடவில்லை; அவரும் அதை விடவில்லை.

இனி லண்டன் மாநகர். 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்காகச் சென்ற அந்த வாலிபரைப் பிடித்த மோகம், இன்றைய நம் வாலிபர்களைப் பிடித்திருக்கும் மோகத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. ஆங்கிலக் கனவானாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 19 ஷில்லிங்கிற்கு நெடுந்தொப்பி ஒன்று வாங்கினார். பாண்டு தெருவிலே 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்குரிய உடை தைத்துக்கொண்டார். தமையனாருக்கு எழுதித் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். கழுத்துப் பட்டை கட்டுவதற்கும் தலைமயிரை ஒழுங்கு செய்வதற்கும் தினந்தோறும் பத்து நிமிஷம் கண்ணாடி முன் நின்றார். நடனம் கற்க 3 பவுன் கட்டினார். பியானோவின் தாளத்துக்குக் கால் ஒத்துவரவில்லை. செவி பழகட்டும் என்று பிடில் ஒன்றை 3 பவுனுக்கு வாங்கினார். பேச்சுக் கலைக்கு ஓர் ஆசிரியருக்கு ஒரு கினி கொடுத்தார். ஒரு பொருளை வாங்கினால் அதன் குறையைத் தீர்க்க மற்றொரு பொருள், அதைத் தீர்க்க இன்னொன்று என்று சங்கிலி நீண்டது. கடை வைத்திருப்போர் அக்காலத்திலும் இக்காலத்திலும் எதிர்பார்ப்பது இந்தச் சங்கிலியைத்தான்.

சுமார் மூன்று மாதத்தில் அவருக்குத் தெளிவு பிறந்தது. வந்த வேலை படிப்பு. ஆங்கிலேய நாட்டில் ஆயுள் முழுவதும் இருக்கப்போவதில்லை. நடையுடை பாவனையால் கனவானாக முடியாது, குணத்தால் ஆனால் ஆகட்டும் என்று தீர்மானித்தார். பிடிலை விற்றுவிடும்படி ஆசிரியையையே கேட்டுக்கொண்டார். உடையில் கவனம் மட்டும் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. மகான்களும் ஒரே நாளில் மகான்களாகிவிடுவதில்லை. பிறகு ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் சத்தம் அதிகமாகப் போவதைக் கணக்கு காட்டிக் கொடுத்தது. வேலையுள்ள இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகக்கூடிய இடமாகப் பார்த்து ஜாகையை மாற்றினார். அதுமுதல் தினம் எட்டுப் பத்து மைல் நடை. தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்து, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வயிற்றைக் கவனித்துக்கொண்டார். இங்கிலாந்தில் இருந்தவரை தம்மை நோய் அணுகாமல் காத்தது அந்த நடையே என்பது அவர் கண்ட முடிவு. செலவு குறைந்ததால் வாழ்க்கை சுருங்கவில்லை, உள்ளம் மலர்ந்தது என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இதை வாசிக்கும் வாலிபர்கள் இந்தக் கட்டத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டுகிறோம்.

1891-இல் பாரிஸ்டராகித் திரும்பிப் பம்பாயில் தொழில் தொடங்கினார். முதல் வழக்கில் எழுந்து நின்று, தலை சுற்றி, வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட கதை எல்லோரும் அறிந்தது. வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் அதைப் படித்து ஆறுதல் கொள்வதுண்டு. நாமும் ஆறுதல் கொண்டிருக்கிறோம். அந்நாட்களில் கிர்காமிலிருந்த தம் ஜாகையிலிருந்து ஹைக்கோர்ட்டுக்கு முக்கால்மணி நேரம் நடந்தே போவார், திரும்பும்போதும் நடைதான். வெயிலுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டார். நண்பர்கள் நோய்வாய்ப்பட்டபோதும் தாம் நோயில் விழுந்ததில்லை என்று சொல்லத்தக்கதாக இருந்தது. வருமானம் வந்த பிறகும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. நமது ஊர்க் கோர்ட்டுகளுக்கு அரை மைலுக்கு மேற்படாத தூரத்திலிருந்து மோட்டாரில் வந்து இறங்கும் வக்கீல்களை நாம் பேர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை.

நடை என்பது வெறும் தேகசுகம் அன்று, மனிதனின் உரிமை என்பதை அவர் அறிந்துகொண்டது 1893-இல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரிலே. அங்கே இந்தியர் பாதசாரிகளுக்கான நடைமேடையில் நடக்கக்கூடாது. இரவு 9 மணிக்கு மேல் அனுமதிச் சீட்டின்றி வெளியே வரவும் கூடாது. மாலையில் உலாவும் பழக்கமுள்ள அவர், ஜனாதிபதி குரூகருடைய எளிய வீட்டின் வழியாக ஊருக்கு வெளியேயுள்ள வெட்டவெளிக்குப் போவது வழக்கம். ஒரு நாள் காவற்காரன் ஒருவன், எச்சரிக்கை ஒரு வார்த்தையும் இன்றி, அவரைத் தள்ளி உதைத்துத் தெருவில் விழச்செய்தான். அவ்வழியே குதிரைமேல் வந்த கோட்ஸ் என்ற ஆங்கில நண்பர் அதைக் கண்டு, வழக்குத் தொடுத்தால் தாம் சாட்சி சொல்வதாக முன்வந்தார். சொந்தக் குறைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போவதில்லை என்ற விரதம் பூண்டிருந்த காந்தி மறுத்துவிட்டார். காவற்காரன் மன்னிப்புக் கேட்டான்; கேட்பதற்கு முன்பே இவர் மன்னித்திருந்தார். ஆனால் அந்தத் தெருவில் மறுபடி அவர் நடக்கவில்லை. தமக்கு நேர்ந்த அவமானத்தைக் கோபமாக்காமல், தம் ஜனங்கள் எல்லோருக்கும் நேரும் அவமானத்தின் ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டார்.

நடைமேடை விவகாரம் நமக்கும் தூரத்து விஷயமன்று. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கிலே, 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, இடையூறில்லாத நடைபாதை பாதசாரிகளின் உரிமை என்றும், அது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்தின் காப்புக்கு உட்பட்டது என்றும் கூறியது. பிரிட்டோரியாவில் இந்தியனை நடைமேடையிலிருந்து தள்ளியது அன்னிய சட்டம். சுதந்திர இந்தியாவில் அவனைத் தள்ளுவது நாமே நிறுத்திவைத்திருக்கும் வாகனமும், நாமே பரப்பிவைத்திருக்கும் சரக்குமாகும். அன்று உதைத்தவனாவது மன்னிப்புக் கேட்டான்.

1910-இல் காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர், ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்குக் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. குஜராத்திகள், தமிழர், ஆந்திரர், வட இந்தியர் எல்லோரும் அங்கே கூடி வாழ்ந்தார்கள். போப்பையருடைய தமிழ்ப் பாடநூலைக் கொண்டு தாம் கற்றிருந்த சொற்பத் தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்க் குழந்தைகளுக்கு அவரே தமிழ் போதித்தார் என்பது நமக்குப் பெருமையும் சற்றுச் சிரிப்பும் தரும் செய்தி. அப்பண்ணையில் ஒரு விதி இருந்தது. பொதுக் காரியமாக ஜோகானஸ்பர்க் போகிறவர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகலாம். உல்லாசமாகப் போகிறவர் நடந்தே போகவேண்டும். பண்ணையில் செய்த கட்டுச்சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். நகரத்தில் சாப்பாட்டுக்குக் காசு செலவழிக்கக்கூடாது. இரவு 2 மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரம். மிக விரைவாகப் போனவர் 4 மணி 18 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். வாலிபர்கள் இதைத் தண்டனையாக நினைத்து முணுமுணுத்தார்களா? உற்சாகமாகவே நடந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். நமக்கு இவ்விதியில் மிகவும் பிடித்த அம்சம், உல்லாசம் கூடாது என்று யாரும் கட்டளையிடவில்லை என்பதே. உல்லாசத்தை விலைக்கு வாங்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அந்த நடைப்பயிற்சியின் பலன் 1913 நவம்பர் 6-ஆம் தேதி வெளிப்பட்டது. 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் அவர் தலைமையில் நேட்டாலிலிருந்து எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், தமிழர் ஏராளம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸு சர்க்கரையும். துணிமணி எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்ளவேண்டும். வழியில் யாருடைய பொருளையும் தொடக்கூடாது. வைதாலும் அடித்தாலும் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பன நிபந்தனைகள். சுமை குறைந்தவனுக்குப் பொறுமை கூடுகிறது என்பதை அந்த ஊர்வலம் நிரூபித்தது. இன்று நம் கட்சி ஊர்வலங்களில் கலந்துகொள்ளும் அன்பர்கள் ஒலிபெருக்கி வண்டிகளின் எண்ணிக்கையையும் இந்நிபந்தனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தாயகம் திரும்பிய பின் நடந்தவை நேயர்கள் அறிந்தவை, விரைந்து செல்வோம். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் முழங்கால் துண்டுக்கு மாறினார். 1930 மார்ச்சு 12-இல், அறுபது வயது நிறைந்தவராய், சபர்மதியிலிருந்து 241 மைல் நடந்து ஏப்ரல் 5-இல் தண்டியை அடைந்தார். அதே மாதம் ராஜாஜி தலைமையில் தமிழ்த் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யத்தில் உப்பெடுத்தார்கள்.

தண்டி யாத்திரையில் ஒரு சம்பவத்தை மட்டும் விட்டுச் செல்ல மனமில்லை. சூரத்துப் பக்கம் பட்காம் என்ற கிராமத்துக்குப் போகும் வழியில், இரவு வெளிச்சத்துக்காகக் கூலியாள் ஒருவர் பெரிய விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு ஓடவேண்டியதாயிற்று. தொண்டர்களின் உபசாரத்துக்காகச் சூரத்திலிருந்து மோட்டாரில் பால் வரவழைக்கப்பட்டது. உப்பு வரியை ஏழையின் தலைச்சுமை என்று கூறி எதிர்க்கப் புறப்பட்டவர்கள், ஏழையின் தலையிலேயே விளக்கை ஏற்றுவதா என்று அவர் உள்ளம் கொதித்தது. மார்ச்சு 29-ஆம் தேதி அக்கிராமத்துக் கூட்டத்தில், வைஸ்ராயின் சம்பளத்தைக் குறை கூறும் நமக்கு இந்த ஆடம்பரம் தகுமா என்று தம்மையும் தம்மவரையும் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். விருந்து செய்தவர்கள் நல்லெண்ணத்தில் செய்தார்கள். ஆடம்பரம் பெரும்பாலும் நல்லெண்ணத்தின் வேஷத்தில்தான் வருகிறது. அவர் கடிந்ததிலும் மரியாதை குறையவில்லை. பகைவனான வைஸ்ராய்க்கு அவர் எழுதிய கடிதங்களில் காணும் வினயத்தை, இன்று ஒரே கட்சிக்குள் இருப்போர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதில் காண்பது அரிதாயிருக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். சூளையண்டை நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பீங்கான் தொழிலாளியிடம் போய் மாலையில் நடந்துவா என்று உபதேசிப்பது வேடிக்கையல்லவா? நியாயமான கேள்வி. அவருக்கு நடை வேண்டாம். உட்கார்ந்து காற்று வாங்க ஒரு மணற்பரப்பு வேண்டும், பிள்ளைகள் சடுகுடு ஆட ஒரு பொட்டல் வேண்டும். சடுகுடுவுக்கு மூச்சு ஒன்றே மூலதனம். கிட்டிப்புள்ளுக்கு இரண்டு குச்சிகள் போதும். இவற்றைப் பழமை என்று ஒதுக்கிவிட்டு, மட்டையும் காலுறையும் சீருடையும் வாங்கினால்தான் விளையாட்டு என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோம். வாங்க முடியாதவன் விளையாட முடியாதவனாகிறான். அவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறான், அல்லது கைபேசிக்குள் தலையை விட்டுக்கொள்கிறான். பட்டணங்களிலோ கிரிக்கெட்டு முழு வியாபாரமாகி, ஆட்டக்காரர்களே ஏலத்தில் போகிறார்கள். ஆடுவோர் 22 பேர், வாங்குவோர் கோடிக்கணக்கானவர்.

விளையாட்டை அடியோடு புறக்கணித்தவர் காந்தியடிகள் என்று எண்ணவேண்டாம். அதில் பகைமை நுழைவதையே அவர் வெறுத்தார். பம்பாயில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர், மற்றையோர் என்று மதவாரியாகப் பிரிந்து ஆடிவந்த ஐங்கோணப் பந்தயத்தைப் பற்றி 1940 டிசம்பரில் அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். கல்லூரிகளுக்குள் போட்டி என்றால் புரிகிறது, மதங்களுக்குள் போட்டி எதற்கு என்ற கருத்தில் அதை நிறுத்தும்படி கூறினார். உடனே நிற்கவில்லை. 1946-இல்தான் அப்பந்தயம் முடிவுற்றது. அதற்குள் தேசத்தில் வேறு நெருப்புப் பற்றிக்கொண்டது.

அந்த நெருப்பின் நடுவே அவர் மீண்டும் நடந்தார். வங்காளத்தின் நவகாளி ஜில்லாவில் 1947 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கி, 77 வயதில், வெறுங்காலுடன், மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, கிராமம் கிராமமாகச் சென்றார். 47 கிராமங்கள், 116 மைல். நீரோடைகளின் மேல் மூங்கில் பாலங்கள். அவற்றின்மேல் கால் வைக்க முன்கூட்டியே பயிற்சி செய்துகொண்டார். வழியில் சிலர் அசுத்தத்தைப் பரப்பி வைத்தார்கள். இலைகளைப் பறித்துத் தாமே துடைத்து அகற்றிவிட்டு மேலே நடந்தார். யாரையும் வையவில்லை. போலீஸ் கப்பலும் பீரங்கியும் செய்யமுடியாத காரியத்தை இக்கால்கள் செய்தன என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நவகாளியில் பகைமை அற்றுப்போய்விடவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அண்டை வீட்டார் பலர் அவர் வரும் நாளில் வாசலுக்கு வந்து நின்றார்கள். நடந்து வருகிறவரிடம் பேசுவது எளிது. மோட்டாரில் வருகிறவரிடம் மனுதான் கொடுக்கமுடியும்.

அரசியல் தொண்டு புரியும் நம் நேயர்களுக்கு இதிலிருந்து ஒரு விண்ணப்பம் உண்டு. வார்டுக்கு ஒரு கிளை திறக்கிறீர்கள், கொடிக்கம்பம் நடுகிறீர்கள். அதே வார்டில் ஆக்கிரமிப்பில் கிடக்கும் பொட்டல் எத்தனை, குப்பை கொட்டப்பட்ட ஆற்றங்கரை எவ்வளவு என்று நடந்து சென்று ஒரு கணக்கு எடுங்கள். மணிமுத்தாற்றங்கரையிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகள் ஆடுவதற்கு இடமில்லை என்று நகரசபையில் எழுந்து கேட்கும் ஓர் அங்கத்தினர், சிலைகளுக்கும் வளைவுகளுக்கும் பணம் கேட்கும் பத்து அங்கத்தினரைவிட நமக்கு வேண்டியவர். மைதானம் கிடைத்தபின் அதற்குக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் வைக்கும் யோசனை உடனே வரும், அதையும் எதிர்க்கவேண்டும்.

மகாத்மாவின் கடைசி நடை மிகவும் குறுகியது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி, டில்லி பிர்லா மாளிகையில், சர்தார் படேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் மாலைப் பிரார்த்தனைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. மேகத்தை நம்பி மைதானத்துக்குத் தாமதமாகப் போய் அபராதம் கட்டிய அந்தச் சிறுவர், அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் இடுப்பில் கடிகாரம் தொங்க நடந்தவர், தாமதத்தைப் பொறாதவர். பேத்திமார் இருவரின் தோள்களில் கைவைத்து, புல்வெளியின் குறுக்கே வேகமாக நடந்தார். கூடியிருந்தோருக்குக் கை குவித்தபோது குண்டுகள் பாய்ந்தன. அறையிலிருந்து அவ்விடம் வரை அவர் நடந்த வழி, அடிச்சுவடுகளாக வார்க்கப்பட்டு, இன்றும் அங்கே காட்டப்படுகிறது. அதைக் காண வருகிறவர்களும் ஒவ்வொரு சுவட்டின் அருகிலும் நடந்தே போகவேண்டியிருக்கிறது.